கிரிபோயேதவின் தடத்தில் ஒரு நாள்: திபிலிசி வழிகாட்டிச் சுற்றுலா பற்றி

அலெக்சாந்தர் கிரிபோயேதவ் என்ற ரஷ்யத் தூதரின் வாழ்க்கையை மட்டும் வைத்து ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் ஒரு முழுநாள் சுற்றுலா நடத்துகிறார்கள். நானும் மகளும் போய் வந்தோம். ஆளுக்கு 190 லாரி (ஜார்ஜிய நாணயம்) வாங்கினார்கள். வேன், வழிகாட்டி, மலையேறும் ரயில் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். மதியச் சாப்பாடும் அருங்காட்சியக நுழைவுச்சீட்டும் நம் செலவு. காலையில் நகரத்துக்குள் இரண்டு இடங்கள்: அவர் திருமணம் நடந்த சியோனி தேவாலயம், அவர் கல்லறை இருக்கும் ம்தாட்ஸ்மிந்தா குன்று. பிற்பகலில் கக்கேதி பகுதியில் அவர் மாமனாரின் ட்சினந்தாலி மாளிகை. காலைப் பாதி மிக அருமை. பிற்பகல் பாதிக்கு இவ்வளவு காசு தேவையில்லை என்பது என் எண்ணம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மதிப்பீடு முழுக்க அதைப் பொறுத்தது. வளைகுடா நாடு ஒன்றில் நம் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை செய்த வீட்டிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ தப்பி வந்து, பாஸ்போர்ட் கையில் இல்லாமல், ‘ஊருக்கு அனுப்புங்கள்’ என்று வாசலில் நிற்பவர்களின் மனுவை எழுதி வாங்குவது என் வேலை. மகள் இப்போது திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில்தான் இந்தச் சுற்றுலா பற்றித் தெரியவந்தது. கிரிபோயேதவ் பெயர் எனக்குப் பல வருடமாகத் தெரியும். ரஷ்யர்களுக்கு அவர் ஒரே ஒரு நகைச்சுவை நாடகத்தால் அழியாப் புகழ் பெற்ற எழுத்தாளர். எனக்கோ, அடைக்கலம் கேட்டு வந்தவர்களை வெளியே அனுப்ப மறுத்து உயிரை விட்ட தூதரக அதிகாரி. அந்த மனிதரைப் பற்றி இவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

வேன் அரை மணி நேரம் தாமதம். சுதந்திரச் சதுக்கத்தில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் கேட்டால் ‘ஐந்து நிமிடம்’ என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. எங்களையும் சேர்த்து ஆறு பேர். வழிகாட்டி அறுபது வயது தாண்டிய ஜார்ஜியப் பெண்மணி. பள்ளியில் ரஷ்ய மொழி ஆசிரியையாக இருந்தவராம். வேனில் ஏறியதும் தாமதத்துக்கு அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டு, ரஸ்தவேலி சாலையைத் தாண்டுவதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டார். ஆங்கிலம் நிதானமாகப் பேசினார். ஆண்டுகளும் பெயர்களும் தாளைப் பார்க்காமல் வந்தன.

வேனிலேயே அவர் சொன்ன முன்கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். கிரிபோயேதவ் பிறந்தது மாஸ்கோவில், 1795ல் (1790 என்று சொல்பவர்களும் உண்டு). மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார், நெப்போலியன் படையெடுத்து வந்தபோது குதிரைப்படையில் சேர்ந்தார், 1817ல் வெளியுறவுத் துறையில் நுழைந்தார். அதே வருடம் பீட்டர்ஸ்பர்க்கில் இஸ்தோமினா என்ற நடனக்காரியை வைத்து இரண்டு பேருக்குள் துப்பாக்கிச் சண்டை நடந்தது. ஷெரெமெத்யெவ் என்ற இளைஞர் அதில் செத்துப்போனார். எதிர்த்தரப்புக்குத் துணை நின்றவர் கிரிபோயேதவ். செத்தவருக்குத் துணையாக வந்த யாகுபோவிச் என்ற அதிகாரியோடு அவரும் சுட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சண்டை தள்ளிப்போய், மறு வருடம் இதே நகரில்தான் (அப்போதைய பெயர் திப்லிஸ்) முடிந்தது. குண்டு இடது கையில் பாய்ந்து சுண்டுவிரல் ஊனமாயிற்று. பியானோவை உயிராக நினைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய அடி! “இந்த விரலை மறந்துவிடாதீர்கள், மலைமேல் போனதும் திரும்ப வரும்” என்றார் வழிகாட்டி. நல்ல ஆசிரியர் வைத்த முடிச்சு.

பாரசீகத்துக்கு அவர் தூதரகச் செயலாளராகப் போனது இதற்கு அப்புறம்தான். அது விருப்பப்பட்டுக் கேட்ட பதவி கிடையாது, தலைநகரை விட்டு ஒதுக்கியது போலத்தான். இருந்தது தெஹ்ரானில் அல்ல, தப்ரீஸ் நகரில். பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்ஸாவின் அரசவை அங்கே இருந்ததால் வெளிநாட்டுத் தூதர்களுக்கும் அதுவே இருப்பிடம். அங்கே பாரசீகமும் அரபியும் கற்றுக்கொண்டார். 1819ல், பாரசீகப் படையில் சிக்கிக் கிடந்த ரஷ்யச் சிப்பாய்களை, கைதிகளும் ஓடிப்போனவர்களுமாக, ஒரு கூட்டமாகச் சேர்த்துத் தானே கூடவே நடத்தி திப்லிஸுக்குக் கொண்டுவந்தார். வழிகாட்டி இதை ஒரே வாக்கியத்தில் கடந்து போனார். நான் அங்கேயே நிறுத்தி இன்னும் கொஞ்சம் சொல்லச் சொன்னேன். வேலையில் சேர்ந்த புதிதில், கல்லடியையும் வசவையும் வாங்கிக்கொண்டு, எல்லை தாண்டும்வரை அந்த மனிதர்களோடு நின்றவர், பத்து வருடம் கழித்து தெஹ்ரானில் என்ன செய்வார் என்பது இதிலேயே தெரிகிறது இல்லையா? இந்தச் சுற்றுலாவில் இதற்குக் குறைந்தது கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

சியோனி தேவாலயம் பழைய நகரத்தில் ம்த்க்வாரி ஆற்றை ஒட்டி இருக்கிறது. பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். மகளுக்கு வாசலிலேயே துணி கொடுத்தார்கள். உள்ளே போனதும் எல்லோரும் சுவர் ஓவியங்களைப் பார்த்து வாயைப் பிளந்தோம். வழிகாட்டி மெதுவாகச் சொன்னார்: “இது எதையும் அவர்கள் பார்க்கவில்லை.” ஓவியங்கள் 1850களில் கிரிகோரி ககாரின் என்ற ரஷ்யர் வரைந்தவை, திருமணம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அன்றைக்கும் இன்றைக்கும் பொதுவாக இருப்பது கல்லும், ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நீனோவின், திராட்சைக் கொடியில் செய்த சிலுவையும்தான். எது பழையது, எது பின்னால் வந்தது என்று பிரித்துக் காட்டும் வழிகாட்டிகள் அபூர்வம். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

திருமணம் நடந்தது 1828 ஆகஸ்ட் 22 (ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி). மணமகள் நீனோ, கவிஞரும் தளபதியுமான இளவரசர் அலெக்சாந்தர் சவ்சவாட்சேயின் மூத்த மகள். சின்ன வயதில் அவளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர்களில் கிரிபோயேதவும் ஒருவர். சில வருடம் கழித்து, ஜூலையில் ஒரு விருந்தில் எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், எழுந்து போகும்போது கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய்க் கேட்டுவிட்டார். அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். திருமணத்தன்று அவருக்குக் கடும் காய்ச்சல். மோதிரம் கை நழுவிக் கீழே விழுந்தது என்று சொல்வார்கள். நீனோவுக்கு அப்போது பதினாறு முடியவில்லை. அவருக்கு 33. சுற்றுலாக்காரர்கள் இதைப் பெரிய காதல் காவியமாக மட்டும் விற்கிறார்கள். ஒரு பெண்ணைப் பெற்றவனாக எனக்கு அந்த வயது கணக்கு உறுத்தியது, சொன்னேன். வழிகாட்டி மழுப்பவில்லை. அந்தக் காலத்துப் பிரபுக் குடும்பங்களில் அதுதான் வழக்கம் என்றும், இன்றைக்குத் தன் மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள் என்றும் சொன்னார். மகள், “அப்பா, விடுங்க” என்று கையை இழுத்தாள். ஆனால் கேட்டது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இப்போது இந்தச் சுற்றுலாவின் உச்சம்: ம்தாட்ஸ்மிந்தா. 1905ல் தொடங்கிய மலையேறும் ரயிலில் போய் நடு நிறுத்தத்தில் இறங்கினால் புனித தாவீது தேவாலயமும் அதைச் சுற்றிய பாந்தியோன் கல்லறைத் தோட்டமும். இலியா சவ்சவாட்சே, அகாகி ட்செரெதெலி, வாஜா ப்ஷாவேலா என்று ஜார்ஜியாவின் பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் இங்கேதான் கிடக்கிறார்கள். ஸ்டாலினின் அம்மா கல்லறையும் இருக்கிறது, பெரும்பாலான பயணிகள் அதைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் இந்த இடம் பாந்தியோனாகத் திறக்கப்பட்டதே 1929ல், கிரிபோயேதவ் இறந்த நூறாவது வருடத்தில். ஒரு வெளிநாட்டு அதிகாரியின் நினைவு நாளில்தான் ஜார்ஜியர்கள் தங்கள் பெரியவர்களுக்கான இந்த இடத்தைத் திறந்தார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

தேவாலயத்துக்குக் கீழே பாறையைக் குடைந்த குகை போன்ற இடம், முன்னால் இரும்புக் கம்பி. உள்ளே இரண்டு கல்லறைகள். ஒன்றின் மேல் சிலுவையைக் கட்டிக்கொண்டு அழும் வெண்கலப் பெண். அதில் நீனோ பொறிக்கச் சொன்ன ரஷ்ய வரி: உன் அறிவும் செயல்களும் ரஷ்யாவின் நினைவில் சாகாது, ஆனால் என் காதல் ஏன் உன்னைத் தாண்டி உயிரோடு இருந்தது? வழிகாட்டி ரஷ்ய மொழியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை படித்தார். மற்ற சுற்றுலாக்களில் இதோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அன்று நாங்கள் இருந்தபோதே மூன்று கூட்டம் அப்படிப் போயிற்று. எங்களை அவர் படிக்கட்டில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் தெஹ்ரானைப் பற்றிப் பேசினார்.

அந்த முக்கால் மணி நேரத்தின் சாரத்தை, என் எண்ணத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

1826ல் தொடங்கிய ரஷ்ய-பாரசீகப் போரில் பாரசீகம் தோற்றது. 1828 பிப்ரவரியில் துர்க்மென்சாய் என்ற ஊரில் உடன்படிக்கை. எரிவான், நக்கிச்செவான் பகுதிகள் இரண்டும் ரஷ்யாவுக்குப் போயின. அதோடு 2 கோடி வெள்ளி ரூபிள் இழப்பீடு. பேச்சுவார்த்தையில் முக்கியப் பங்கு கிரிபோயேதவுக்கு. உடன்படிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு பீட்டர்ஸ்பர்க் போனபோது பீரங்கி முழங்க வரவேற்பு, பதக்கம், பதவி உயர்வு, பணம். இரண்டு வருடத்துக்கு முன்புதான், ரஷ்யப் பேரரசருக்கு எதிராக 1825ல் எழுந்த டிசம்பர் புரட்சிக்காரர்களோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் இதே நகரத்தில் சிறைவைத்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வேலையை விட்டுவிட்டு எழுத வேண்டும் என்று ஆசை. அவர் நாடகத்தைத் தணிக்கை முழுதாக அச்சில் வர விடவில்லை, கையெழுத்துப் பிரதிகளாகவே நாடெங்கும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அரசு அவரையே முழு அதிகாரத் தூதராக்கித் திரும்ப பாரசீகத்துக்கு அனுப்பியது.

தோற்ற நாட்டில் போய், அவர்கள் தோல்வியின் விலையை வசூல் செய்யும் வேலை. இழப்பீட்டின் தவணைகளைக் கேட்டு வாங்க வேண்டும். அரண்மனையின் தங்க மெழுகுவத்தித் தாங்கிகளை உருக்கிக் கொடுக்கும் நிலைக்கு இளவரசர் அப்பாஸ் மிர்ஸா வந்திருந்தார். கிரிபோயேதவின் நாடான ரஷ்யாவோ அப்போது துருக்கியோடும் போரில் இருந்தது. பணமும் வர வேண்டும், பாரசீகம் கோபித்துக்கொண்டு துருக்கிப் பக்கம் சாயவும் கூடாது. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வெளியுறவு அமைச்சர் நெசல்ரோதே ஒரு பக்கம், திப்லிஸிலிருந்து தளபதி பஸ்கெவிச் ஒரு பக்கம் உத்தரவு போடுவார்கள். இந்த நிலைமையைத் தூதரகத்தில் வேலை பார்த்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கர்ப்பிணியான நீனோவை தப்ரீஸில் பிரிட்டிஷ் தூதர் மெக்டொனால்ட் குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு, பாரசீக மன்னரான ஷாவை நேரில் பார்க்க தெஹ்ரான் போனார். வழியில் கஸ்வீனிலிருந்து டிசம்பர் 24ல் அவளுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நீனோவுக்கு அவர் எழுதியதில் கிடைத்திருப்பது அது ஒன்றுதான். தெஹ்ரானில் ஃபத் அலி ஷா முறையான வரவேற்பு கொடுத்தார். வேலையெல்லாம் முடிந்து திரும்பக் கிளம்பும் நேரம். அப்போதுதான் மிர்ஸா யாகூப் வந்தார்.

எரிவானைச் சேர்ந்த ஆர்மீனியர். இளம் வயதில் பிடித்துக்கொண்டு போய், விதையடித்து, ஷாவின் அந்தப்புரத்தில் வைத்துவிட்டார்கள். அங்கேயே உயர்ந்து கருவூலக் கணக்குப் பார்க்கும் இடத்துக்கு வந்தவர். எரிவான் இப்போது ரஷ்யாவுடையது, அதனால் நான் ரஷ்யக் குடிமகன், என்னை ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். துர்க்மென்சாய் உடன்படிக்கையின் 13ஆம் விதி சிறைப்பட்டவர்களை விடுவிப்பது பற்றியது. முந்தைய போர்களில் பிடிபட்டவர்களுக்கும் அது பொருந்தும். அதைப் பேசி எழுதியதில் பங்கு உள்ளவர் கிரிபோயேதவே. அடுத்து, ஷாவின் உறவினரும் பெரிய பிரபுவுமான அல்லாயார் கானின் அந்தப்புரத்திலிருந்து இரண்டு ஆர்மீனியப் பெண்களும் தூதரகத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

இங்கே நான் கையைத் தூக்கிக் கேட்டேன்: யாகூப் இரவில் வந்தபோது கிரிபோயேதவ் உடனே உள்ளே விட்டாரா? இல்லை, பகலில் வா என்று திருப்பி அனுப்பினார், அவர் மறுநாள் வெளிச்சத்தில் திரும்ப வந்தார் என்றார் வழிகாட்டி. இந்தச் சின்ன விவரத்தில் அந்த மனிதரின் தொழில் சுத்தம் முழுக்க இருக்கிறது. இரவோடு இரவாக ஒளித்து வைத்தால் அது கடத்தல். பகலில், எல்லோரும் பார்க்க, விதியைக் காட்டி ஏற்றுக்கொண்டால் அது தூதரகத்தின் கடமை. வந்தவருக்கும் யோசிக்க ஓர் இரவு கிடைக்கிறது. எங்கள் பிரிவிலும் மூத்த அதிகாரி ஒருவர் இப்படித்தான் இருந்தார்: ஆளைப் பதிவேட்டில் எழுதாமல் உள்ளே உட்காரவைக்கவே மாட்டார், எழுதிவிட்டால் யார் வந்து மிரட்டினாலும் வெளியே அனுப்பமாட்டார்.

ஷாவின் ஆட்களுக்கு இது பொறுக்குமா? அந்தப்புரத்தின் உள் விவரமும் கருவூலத்தின் கணக்கும் தெரிந்த ஒருவர் எதிரி நாட்டின் கையில். கருவூலப் பணத்தைத் திருடிவிட்டார் என்றார்கள். பிறகு மதம் மாறியவர் மதத்தைப் பழித்தார் என்ற குற்றச்சாட்டு. மிர்ஸா மசீஹ் என்ற மதத் தலைவர் தீர்ப்புச் சொல்ல, 1829 ஜனவரி 30 (புதிய நாட்காட்டிப்படி பிப்ரவரி 11) அன்று பெரும் கூட்டம் தூதரகத்துக்குள் புகுந்தது. காவலுக்கு இருந்த கோசாக்குகள் (ரஷ்யக் குதிரைப்படை வீரர்கள்) சொற்பம். தூதுக்குழுவில் உயிரோடு மிஞ்சியவர்களில் அதிகாரி என்றால் முதல் செயலாளர் மால்த்சோவ் ஒருவர்தான். கிரிபோயேதவின் உடலைத் தெருவில் இழுத்துப் போனார்கள். பிறகு பிணக்குவியலில் அவரை அடையாளம் கண்டது, யாகுபோவிச்சின் குண்டு பட்ட அந்த இடது கையை வைத்துத்தான்.

வழிகாட்டி இதைக் குரலை உயர்த்தாமல் சொன்னார். எங்கள் குழுவில் இருந்த ஓர் ஐரோப்பியர், “அவர் பிடிவாதக்காரர், அந்த மூன்று பேரைக் கொடுத்திருந்தால் நாற்பது பேர் பிழைத்திருப்பார்கள்” என்றார். அந்தக் காலத்திலிருந்தே இப்படிச் சொல்பவர்கள் உண்டு. ரஷ்ய அரசே ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டது: தூதரின் அளவுமீறிய ஆர்வம்தான் காரணம் என்று பேசி முடித்துவிட்டது. பிரிட்டிஷார் தூண்டிவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டையும் வழிகாட்டி நியாயமாக எடுத்துச் சொன்னார், தன் தீர்ப்பு என்று எதையும் வைக்கவில்லை.

நான் வைக்கிறேன். கையெழுத்துப் போட்டு ஒரு வருடம்கூட ஆகாத உடன்படிக்கையில், இழப்பீட்டு விதியை நாணயம் நாணயமாக வசூலிக்கும் தூதர், மனிதர்களை விடுவிக்கும் விதி வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் அவர் வெறும் வட்டிக்காரர். பணத்தையும் கேட்டார், ஆட்களையும் காப்பாற்றினார். வாசலில் வந்து நிற்பவர் சாதாரண ஆளாக இருக்கும்போது சட்டம் பேசுவது எளிது. அந்த ஆள் சங்கடமானவராக, பெரிய இடத்துக்குப் பகையானவராக இருக்கும்போதுதான் தூதரகம் எதற்காக இருக்கிறது என்பது தெரியும். யாகூபை வெளியே தள்ளியிருந்தால் அவர் நிச்சயம் செத்திருப்பார். அதற்கு அப்புறம் பாரசீகத்தில் எந்தச் சிறைப்பட்டவரும் ரஷ்யத் தூதரக வாசலை மிதித்திருக்கமாட்டார். இதைச் சொன்னபோது வழிகாட்டி தன் பையிலிருந்து 13ஆம் விதியின் அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். எல்லோருக்கும் தருவதில்லையாம், கேட்பவர்களுக்கு மட்டும். ஏன் எல்லோருக்கும் தரக்கூடாது? ஒரு தாள்தானே!

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஷா தன் பேரன் கொஸ்ரோ மிர்ஸாவை மன்னிப்புத் தூதனாக பீட்டர்ஸ்பர்க் அனுப்பினார். கொடுத்த பரிசுகளில் ஒன்று ‘ஷா’ வைரம், 88.7 காரட், இன்று கிரெம்ளின் கருவூலத்தில் இருக்கிறது. இந்தியாவில் தோண்டி எடுத்த கல். அகமதுநகர் நிஜாம்ஷா, ஷாஜஹான், ஃபத் அலி ஷா என்று மூன்று அரசர்களின் பெயர் அதில் செதுக்கியிருக்கிறது. ஜார் முதலாம் நிக்கலாய் இளவரசரை அன்போடு வரவேற்று, இழப்பீட்டில் ஒரு பகுதியைத் தள்ளுபடியும் செய்தார். துருக்கிப் போர் நடக்கும்போது இன்னொரு முனை வேண்டாம் என்ற கணக்கு. கிரிபோயேதவின் உடல் மாட்டுவண்டியில் மெதுவாக வடக்கே வந்தது. துருக்கியின் அர்ஸ்ரூம் நகருக்குப் போகும் வழியில் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் அந்த வண்டியை எதிர்கொண்டதாக எழுதியிருக்கிறார் (நடந்திருக்காது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு, அதையும் வழிகாட்டி விடாமல் சொன்னார்). ஜூலையில் இந்த மலையில் அடக்கம். நீனோவிடம் செய்தியை மறைத்துத்தான் ஊருக்குக் கூட்டி வந்தார்கள். தெரிந்ததும் குறைமாதத்தில் பிறந்த குழந்தை பிழைக்கவில்லை. 1857ல் காலராவில் இறக்கும்வரை அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இதற்குப் பிறகு கக்கேதி. கொம்போரி கணவாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம், வளைவுகள் அதிகம், வாந்தி வருபவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். வழியில் கிரிபோயேதவ் இசையமைத்த இ மைனர் வால்ட்ஸ் நடன இசையை வேனில் போட்டார்கள். சின்ன இசைதான், மூன்று நிமிடம்கூட இருக்காது. காலையில் கேட்ட கதைக்குப் பிறகு அதைக் கேட்பது நன்றாக இருந்தது. 

ட்சினந்தாலி மாளிகையைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தோட்டம் அழகு, அறைகளைக் குடும்பம் வாழ்ந்த காலத்து மாதிரியே அமைத்திருக்கிறார்கள். ஜார்ஜியாவில் ஐரோப்பிய முறையில் திராட்சை ரசம் செய்து புட்டியில் அடைத்தது முதலில் இங்கேதான், 1841ஆம் வருடத்துப் புட்டிகூட அவர்கள் நிலவறையில் இருக்கிறது. 1854ல், ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்ட காகசஸ் மலைநாட்டுத் தலைவர் ஷாமிலின் ஆட்கள் இறங்கி வந்து, நீனோவின் தம்பி மனைவியையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போய், மறு வருடம் ஷாமிலின் மகனுக்கு மாற்றாக விடுவித்தார்கள். அது தனியாக ஒரு நாள் சொல்ல வேண்டிய கதை. என் குறை சுற்றுலாவை நடத்துபவர்கள் மேல்தான். இங்கே இருந்த இரண்டரை மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ருசிபார்ப்புக்கும் கடைக்கும் போயிற்று. கிரிபோயேதவ் பெயர் இரண்டு தடவை வந்தது. இன்னொன்று: பதிவு செய்யும்போது கொடுத்த துண்டுப் பிரசுரத்தில், ‘கிரிபோயேதவ்-நீனோ திருமணம் நடந்த தோட்டச் சிற்றாலயம்’ என்று ட்சினந்தாலியைப் போட்டிருக்கிறார்கள். காலையில் சியோனியில் நின்றுகொண்டு திருமணம் இங்கே நடந்தது என்று சரியாகச் சொன்ன அதே சுற்றுலா! வழிகாட்டியிடம் காட்டினேன். திருத்தச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டதாகச் சொன்னார், அவர் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு கவனமாகக் கதை சொல்பவர் கையில் இப்படி ஒரு தாளைக் கொடுத்து அனுப்பக்கூடாது.

அந்த நேரத்தை நகரத்துக்குள்ளேயே செலவழித்திருக்கலாம். ஆற்றங்கரையில் அவர் சிலை இருக்கிறது, வேனை நிறுத்தாமலே காட்டினார்கள். அவர் பெயரில் ரஷ்ய நாடக அரங்கம் இருக்கிறது, அவர் பெயரில் ஒரு தெரு, அதில் இசைக் கல்லூரி. இவை எல்லாம் நடந்து போகிற தூரம். தூதர், நாடகக்காரர், இசைக்காரர் மூன்றும் ஒரே காலையில் முடிந்துவிடும்.

போக நினைப்பவர்களுக்கு: நகரம் மட்டும் போதும் என்று கேட்டால் அரைநாளுக்கு 80 லாரிதான், விளம்பரத்தில் போடவில்லை, வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டும். அதையே எடுங்கள். ரஷ்ய மொழி ஆசிரியையாக இருந்த வழிகாட்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், மற்றவர்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது. பாந்தியோனில் நிழல் குறைவு, படிகள் உயரம், முட்டி வலி உள்ளவர்கள் குச்சி எடுத்துக்கொள்ளலாம். கல்லறை முன்னால் மறக்காமல் 13ஆம் விதியின் தாளைக் கேட்டு வாங்குங்கள். காலைப் பாதிக்கு ஐந்துக்கு ஐந்து, பிற்பகலுக்கு இரண்டு, துண்டுப் பிரசுரத்தைத் திருத்தும்வரை மொத்தமாக மூன்றரைக்கு மேல் தரமாட்டேன்.